எடைக்கு எடை இலவம்பஞ்சு

மருத்துவமனை வாசலைத் தாண்டி, வைகாசி வெயிலில் என் மனைவி ஈஸ்வரி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு செருப்பும் அவள் கையில் இருந்தன. மருத்துவர் அறைக்கு வெளியே கழற்றிப் போட்டதைக் காலில் மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சோதனைத் தாள்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

தேனியில் அந்த நேரத்துத் தார் ரோடு எப்படிச் சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் பாட்டுக்குக் கோயில் பிராகாரத்தில் நடப்பதைப் போல நடந்தாள். மாதுளை ஜூஸ் கடை நிழல் வந்ததும்தான் நின்றாள்.

"ஏங்க, லேசா இருக்குங்க."

"தலை சுத்துதா? உக்காரு, உக்காரு."

"அட, அதில்லங்க. லேசா இருக்கு. அம்புட்டுத்தான்."

கழுத்தில் ஒரு கட்டி. பங்குனியில் கண்ணாடி முன்னால் நின்று தாலிக்கயிற்றைச் சரிசெய்யும்போது அவள் விரலில் அது தட்டுப்பட்டது. அதிலிருந்து ஊசி குத்தி எடுத்து, மதுரைக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் வீட்டில் யாரும் உரக்கத் தும்மக்கூட இல்லை. அன்றைக்குத்தான் முடிவு வந்தது. "பயப்படுறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா, வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

"செருப்பைப் போடு. கால் வெந்துரும்" என்றேன்.

குனிந்து காலைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். "இங்கனயா இருக்கு!" என்று சிரித்தாள். ஜூஸ் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு முழுசாக வரவில்லை. அவள் லேசாகிவிட்டாள். நான் இன்னும் ஆகவில்லை. அவளிடம் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது.

ஒரு சொல்லை வைத்துக்கொண்டு

அந்த விஷயத்துக்கு வருமுன் இந்த 'லேசு' பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பொழுது விடிந்து அடையாது.

காய்ச்சல் விட்ட மறுநாள் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குத்தான் உடம்பு லேசா இருக்கு" என்பார்கள். சுருளி அருவியில் முதுகைக் காட்டி நின்றுவிட்டுத் துண்டைப் பிழிந்தபடி வருகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். மொட்டை போட்டவர் தலையைத் தடவிக்கொண்டு சொல்வார். கடைசி மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, பந்தல் பிரித்த வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தகப்பன் சொல்வார். கொஞ்சம் அழுதுகொண்டே சொல்வார்.

தேனி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முதுகிலிருந்து மூட்டை இறங்கியதும் உடனே நிற்க மாட்டார்கள். இரண்டு எட்டு தானாக முன்னால் போவார்கள். குதிகால் தரையில் படாது. அந்த இரண்டு எட்டுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் கிடையாது, லேசுதான்.

வீரபாண்டித் திருவிழா ராட்டினத்தில் உச்சிக்குப் போய்ப் பெட்டி கீழே சாயும்போது அடிவயிற்றில் ஒன்று ஜிவ்வென்று ஏறும். அது வேறு. அதில் பயமும் பாதி கலந்திருக்கும். ராட்டினத்தைவிட்டு இறங்கி, தரையில் கால் வைத்து, கரும்புச்சாறு குடிக்கும்போது வருகிறதே, அதுதான் லேசு. கனம் இருந்தவனுக்குத்தான் அது தெரியும். சும்மா இருப்பவனுக்குத் தெரியாது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் "எனக்கு ரொம்பச் சந்தோசமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். "லேசா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்கிறவரும் அதற்குமேல் தோண்ட மாட்டார்.

மின்விசிறி இல்லாத குடோன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் போடியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். இலவம்பஞ்சு வியாபாரம். கடைக்குப் பின்னால் குடோன்.

அந்தக் குடோனில் மின்விசிறி கிடையாது. வைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை புதிதாக வந்த மின்வாரிய ஆள் ஒருவர் தெரிந்துகொண்டார். சோதித்துப் பார்ப்பதற்காக மேஜை விசிறி ஒன்றைச் செருகிப் போட்டார். அதன் பிறகு நாங்கள் அவரைக் குரல் வந்த திசையை வைத்துத்தான் தேடிக் கண்டுபிடித்தோம்.

இலவம்பஞ்சு அப்படிப்பட்டது. கைநிறைய அள்ளினாலும் கையில் ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். புருவத்தில் ஒட்டும், சாம்பாரில் விழும், கடைக்கு வந்தவர் வீடுவரை கூடவே போகும். ஒரு பச்சைக் குழந்தையின் எடைக்குப் பஞ்சு வேண்டுமென்றால் ஒரு பெரிய சாக்கு நிறைந்துவிடும். பெரிய மனிதர் ஒருவர் எடைக்கு வேண்டுமென்றால் மினி லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

எங்கள் கடையில் சொல்லக்கூடாத பழமொழி ஒன்று உண்டு. இலவு காத்த கிளி. யாராவது வந்து, "என்ன அண்ணே, இலவு காத்த கிளி கணக்கா உக்காந்திருக்கீக?" என்று கேட்டால் அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது. கிளிக்கு வேண்டுமானால் அது ஏமாற்றமாக இருக்கலாம். காய் வெடித்துப் பஞ்சு வந்தால்தான் எங்களுக்குச் சோறு.

வாயில் வந்தது பஞ்சு

ஈஸ்வரியின் கழுத்தில் ஊசி குத்தி எடுத்த அன்று நான் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் துணைக்கு வந்தவர்கள் படுத்திருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் குலதெய்வம் கருப்பசாமியை நினைத்தேன்.

மற்றவர்கள் என்ன வேண்டுவார்கள்? மொட்டை, கிடா, பொங்கல். எனக்கு அந்தப் பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை. கேரளப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அங்கே கோயிலில் ஒரு குழந்தையைத் தராசில் உட்காரவைத்து எதிர்த்தட்டில் வாழைப்பழத் தாராக அடுக்கியதைப் பார்த்திருக்கிறேன். துலாபாரம். அது திடீரென்று ஞாபகம் வந்தது.

"கருப்பா, இவளுக்கு ஒண்ணுமில்லன்னு வந்துட்டா, இவ எடைக்கு எடை உனக்குப் பஞ்சு குடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

நான் பஞ்சுக்காரன். வாயில் பஞ்சுதான் வந்தது. ஆனால் இன்னொன்றை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். எடை என்றால் யாருடைய எடை?

சித்தப்பா போட்ட சத்தம்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. கல்யாணமான மறுநாள் புதுப்பெண்ணைக் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போய், முதல் பொதியைத் தொடச் சொல்வார்கள். ஈஸ்வரி பொதியைத் தொட்டாள். அதோடு விட்டிருக்கலாம். என் சித்தப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. "அப்படியே இந்தத் தட்டுல ஏறு தாயி" என்று, பொதி எடைபோடும் மேடைத் தராசில் அவளை நிறுத்தினார். முள்ளைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பொதி தோத்துப்போச்சுடோய்!" என்று சத்தம் போட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரியும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு இறங்கியவள் அதற்குப் பிறகு எந்தத் தராசிலும் தானாக ஏறியதில்லை. மருத்துவமனையில் கட்டாயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாள். "எழுதிக்கங்கம்மா, ஆனா வாயத் தெறந்து சொல்லிறாதீக" என்பாள். வீட்டுத் திருமணங்களில் போட்டோ எடுக்கும்போது எப்போதும் ஒரு குத்துவிளக்குக்குப் பின்னால் நிற்பாள். குத்துவிளக்கு எம்மாத்திரம்?

இப்படிப்பட்டவளை ஊர் முன்னால் தராசில் ஏற்றுவதாக நான் சாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

முடிவு வந்த மறுநாள் காலை அவள் தோசை ஊற்றும்போது சொன்னேன். நல்ல நேரம் பார்த்துத்தான் சொன்னதாக நினைப்பு. கரண்டி பாதி வட்டத்தில் நின்றது.

"எடைக்கு எடைன்னா? என்னையத் தூக்கித் தராசுல வைக்கப் போறீகளா?"

"வாயில வந்துருச்சு."

"வேற என்னமும் வரலையா? ஒரு கிடான்னு வரலையா? நீங்க மொட்டை போட்டுக்கிற வேண்டியதுதான?"

"எனக்கு எங்க முடி இருக்கு?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தோசையைத் தட்டில் போட்டு, "இதையும் எடை போட்டுட்டுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போய், ஒரு தோராயமாகக் கணக்குப் போட்டு, யாருக்கும் தெரியாமல் பஞ்சைக் கோயிலில் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்றேன். அதற்கும் திட்டு விழுந்தது.

"தராசுல ஏறாமக் குடுத்தா அது எடைக்கு எடையா? சாமியவே ஏமாத்துவீகளா? மறுபடி கட்டி வந்தா யாருக்கு வரும்? உங்களுக்கா வரும்?"

அவள் கை கழுத்துக்குப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் அவளுக்குப் பயம் போகாது. செய்ய வேண்டுமென்றால் ஊர் பார்க்க ஏற வேண்டும். ஜூஸ் கடை நிழலில் அவளுக்குக் கிடைத்த லேசை நான் ஒரே தோசையில் பறித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு தோசையைச் சாப்பிட்டேன், எடை போடாமல்தான்.

கருப்பசாமிக்கு மீசை நரைத்தது

எனக்கு ஏதாவது ஒன்று என்றால் ஞானராஜிடம்தான் போவேன். ஏலக்காய் மண்டி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவான். ஈஸ்வரியைத் தங்கச்சி என்பான், அதனால் என்னை மாப்ள என்பான்.

"எங்க ஆளுகளுக்குக் காணிக்கைத் தட்டு. உங்களுக்குத் தராசுத் தட்டா? இதுல என்ன மாப்ள கஷ்டம்? எங்கிட்டதான் தராசு கெடக்கே" என்றான்.

மண்டியில் இப்போது எல்லாம் மின்தராசு. சிவப்பு எழுத்தில் எண் ஓடும். அதை ஈஸ்வரிக்குக் காட்டினால் நான் வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் பரணில் ஒரு பழைய தொங்கு தராசு கிடந்தது. இரண்டு பலகை, இரும்புச் சங்கிலி, நடுவில் ஒரு முள். அதில் எண்ணே வராது. எது கனம், எது லேசு என்பது மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

சரி, ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று ஆடி பிறந்த வாரத்தில் இருவரும் கிளம்பினோம். எங்கள் கருப்பசாமி மலையடிவாரத்தில், திறந்த வெளியில் நிற்கிறார். அரிவாள், பெரிய கண், முறுக்கிய கறுப்பு மீசை. மூன்று கால் கம்பி நட்டுத் தராசைத் தொங்கவிட்டோம். "தங்கச்சிக்குப் பதிலா நான் ஏறுறேன்" என்று ஞானராஜ் ஒரு பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். எதிர்ப்பலகையில் நான் பஞ்சுச் சாக்கை அடுக்கினேன்.

பல வருஷம் பஞ்சு விற்கிற நான் ஆடிக் காற்றை மறந்துபோனேன். இதை என் வியாபாரக் கூட்டாளிகள் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. மேலே இருந்த சாக்கு கம்பி முனையில் உரசிக் கிழிந்தது. அவ்வளவுதான். பூசாரி மொக்கையன் யாருக்காகவோ வைத்திருந்த பொங்கல் பானையில் பஞ்சு. அவர் கட்டுக்குடுமியில் பஞ்சு. வேலிக்கருவை முழுக்கப் பூத்த மாதிரிப் பஞ்சு. எல்லாம் அடங்கிய பிறகு நிமிர்ந்து பார்த்தால், கருப்பசாமியின் மீசை வெள்ளை வெளேரென்று நரைத்திருந்தது.

பூசாரி கருப்பசாமியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏப்பா பாண்டி. காவக்கார சாமிய இப்படிக் கெழவனாக்கிப்புட்டியே. இனிமே பஞ்சு ஒரு பொட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது, ஆமா."

"அப்ப வேண்டுதல்?" என்றேன்.

"அது உன் பாடு, சாமி பாடு. பஞ்சு பறக்கக்கூடாது, அம்புட்டுத்தான்."

ஞானராஜ் இன்னும் பலகையில் உட்கார்ந்தபடி, இமையிலிருந்த பஞ்சை ஊதிக்கொண்டிருந்தான்.

நம்பர் கூடாது

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். காதுக்குள் பஞ்சோடுதான் சொன்னேன். கருப்பசாமி மீசைக்கு வந்தபோது ஈஸ்வரியின் உதடு துடித்தது. ஞானராஜ் சப்பணமிட்டு உட்கார்ந்ததைச் சொன்னபோது அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோசை நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஞ்சு பறக்கக்கூடாது, அம்புட்டுத்தான சொன்னாக?" என்றாள்.

"ஆமா."

"தலகாணியாத் தெச்சுப்புட்டாப் பறக்காதுல்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. வாழ்நாள் பூராவும் தலையணை விற்கிறவன் நான்.

"ஏங்க, அன்னைக்கு ஆசுபத்திரி வராந்தாவுல, உங்களுக்குப் பக்கத்துல ஒரு பொம்பள படுத்திருந்துச்சு, பாத்தீகளா? செருப்பைத் துண்டுல சுத்தித் தலைக்கு வச்சிருந்துச்சு. உள்ள என் கழுத்துல ஊசி போடுறாக, எனக்கு அந்தச் செருப்பே கண்ணுல நின்னுச்சு. நம்மகிட்ட குடோன் பூராவும் பஞ்சு கெடக்கேன்னு நெனச்சேன்."

நானும் அதே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை.

"சாமிக்கு வச்சுட்டு, பூசாரி சரின்னாகன்னா அங்கன கொண்டுபோயிக் குடுத்துருவம். அதுக்காக ஏறுறேன். ஆனா ஒண்ணு."

அந்த 'ஒண்ணு' என்ன என்று எனக்குத் தெரியும். நம்பர் கூடாது. அவள் எடை எவ்வளவு என்று யாருக்கும், எனக்கும்கூட, தெரியக் கூடாது. தொங்கு தராசில் எண் வராது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தலகாணிய எண்ணிப் பெருக்கிற மாட்டாகளா? உங்க கூட்டாளி ஒருத்தர் போதாதா?"

அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். ஒரே அளவில் தைத்தால்தானே பெருக்க முடியும்? பெரியது, சின்னது, உருளை, பிறந்த குழந்தைக்கு வைக்கிற உள்ளங்கை அகலக் குட்டித் தலையணை என்று கலந்துகட்டித் தைக்கச் சொன்னாள். கடையில் தையல் போடும் பெண்களுக்கு ஒரே குழப்பம். பஞ்சை அவளே அடைத்தாள். ஒன்றில் இறுக்கி, இன்னொன்றில் தளர்த்தி அடைத்தாள். எவனாலும் கணக்குப் போட முடியாது. அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் வெள்ளை ஒட்டியிருக்கும். நான் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். அவள் குனிந்து காட்டுவாள்.

கால் எங்கே?

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை காலை கோயிலில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கருப்பசாமி மீசை நரைத்த செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

ஈஸ்வரி பச்சைப் பட்டுக் கட்டியிருந்தாள். பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஏறவில்லை. சங்கிலியைப் பிடித்தாள், விட்டாள். கூட்டத்தில் அந்தச் சித்தப்பாவின் மகன் நின்றிருந்தான். அவள் பார்வை அவனிடம் போய்வந்தது. இப்போது திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும், சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றும் நினைத்தேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தராசு ஒரு முனகலோடு அவள் பக்கம் இறங்கித் தரையில் நின்றது. கூட்டத்தில் யாரோ 'க்கும்' என்று தொண்டையைச் செருமினார்கள். ஞானராஜ் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அத்தோடு அந்தத் தொண்டை சரியாகிவிட்டது.

நானும் ஞானராஜும் தலையணைகளை அடுக்கத் தொடங்கினோம். பலகை நிறைந்தது. தராசு அசையவில்லை. கயிறு போட்டுக் கட்டி மேலே அடுக்கினோம். அசையவில்லை. பழைய வேட்டிகளில் மூட்டையாகக் கட்டிச் சங்கிலியில் தொங்கவிட்டோம். தலையணை மலைக்குப் பின்னால் பூசாரி மறைந்துபோனார். அவர் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. ஆடிக் காற்று மலையைத் தள்ள, தராசு மொத்தமும் ஊஞ்சலாக ஆடியது. ஆனால் ஒரு பொட்டுப் பஞ்சு பறக்கவில்லை.

"இன்னுமா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டாள் ஈஸ்வரி.

"பஞ்சுல்ல தங்கச்சி. அப்படித்தான் இருக்கும்" என்றான் ஞானராஜ்.

கடைசியில் குட்டித் தலையணைகள்தான் மிச்சம். ஒன்று வைத்தேன். இன்னொன்று. மூன்றாவதை நான் மேலே வைத்துக் கையை எடுக்கவும், பலகை அவளோடு மெல்ல எழும்பவும் சரியாக இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினாள். கண்ணைத் திறந்துவிட்டாள். "ஏங்க, காலு தரையில இல்லங்க!"

இல்லைதான். மெட்டி போட்ட இரண்டு பாதமும் காற்றில் தொங்கின. அவள் குனிந்து அவற்றையே பார்த்தாள். கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பில் தராசு குலுங்கியது, தராசு குலுங்கியதில் தலையணை மலை குலுங்கியது. கூட்டமும் சிரித்தது. அது பொதி தோற்றபோது சிரித்த சிரிப்பு இல்லை. சித்தப்பா மகனும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

சின்ன வயதில் அவளை யாராவது தூக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு அவளை யார் தூக்கினார்கள்? வீட்டை அவள்தான் தூக்கினாள். என் கடன்களை, எங்கள் மகளின் பிரசவத்தை, அவளை நக்கல் அடித்த சித்தப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது அவரையும்கூட அவள்தான் தூக்கி உட்காரவைத்தாள். இப்போதுதான் அவளைத் தூக்குவதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை.

"ஆத்தா, எறங்கு. அடுத்த பூசை இருக்கு" என்றார் பூசாரி, மலைக்குப் பின்னாலிருந்து.

"இருங்கண்ணே, இன்னும் செத்த நேரம்" என்றாள் அவள், காலை ஆட்டிக்கொண்டே.

தலையணைகளுக்குத் திருநீறு போட்ட பிறகு, இவற்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டோம். பூசாரி யோசிக்கவே இல்லை.

"இவரு காவச் சாமி. ராத்திரி பூராவும் முழிச்சிருக்கவரு. இவருக்கு எதுக்கு தலகாணி? தூங்குறவகளுக்குக் குடுங்க."

வராந்தாவில் ஒரு மத்தியானம்

மினி லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனோம். அதே மருத்துவமனை, அதே வராந்தா. கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தோம்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். துணைக்கு வந்தவர்கள் தரையில் துண்டை விரித்துச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்வரி ஒவ்வொருவரிடமும் குனிந்து கொடுத்தாள். "யாரும்மா குடுக்குறாக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "கருப்பசாமி" என்றாள். ஒரு பெண் குட்டித் தலையணையை வாங்கி, தன் பேரனுக்கு இது போதும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

லாரி காலியானபோது வராந்தா ஓரத்தில் மூன்று பேர் மிச்சம். ஒருவர் கையை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். ஒருவர் பையை வைத்திருந்தார். மூன்றாவது ஆள் செருப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரி மூட்டை கட்டிவந்த வேட்டியை உதறிப் பார்த்தாள். லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னும் மூன்று கொண்டுவந்து கொடுக்கலாம், கடை எங்கே போகிறது என்றேன். அதுவும் சரி என்றாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வராந்தாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். வரிசையாகத் தலைகள். சிலர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்கள்.

"அம்புட்டுப் பேரும் என் எடையிலதான படுத்திருக்காக?" என்றாள்.

"ஆமா."

"இன்னும் கொஞ்சம் கனமா இருந்திருக்கலாங்க நான்."

நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, "வாங்க" என்று என்னைக் கூப்பிட்டபடி கேன்டீன் பக்கம் நடந்தாள். இரண்டு உளுந்த வடை வாங்கினாள். ஒன்று எனக்காக்கும் என்று கையை நீட்டினேன்.

"அடுத்த ஆடிக்கு நீங்களா ஏறப் போறீக?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.